மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க

இல்லாத ஆளைப் பற்றி அந்த அக்கா பேசமாட்டார். மற்றவர்கள் பேசினாலும் விடமாட்டார்.

எங்கள் தோட்டம் நிவித்திகலைக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி றப்பருமாக இருக்கிறது. ஏழு லயங்களில் இருக்கும் எல்லா வீடுகளுக்கும் ஒரே தண்ணீர்ப் பீலி. காலையிலும் பின்னேரமும் பெண்கள் எல்லோரும் அங்கேதான் தண்ணீர் பிடிக்க வரவேண்டும். தண்ணீர் நூல்போல விழும். ஒரு வாளி நிறைவதற்குள் ஒரு குடும்பத்தின் கதையை முழுவதும் பேசி முடித்துவிடலாம். ஒருநாள், மூன்றாம் லயத்துப் பெண்ணொருத்தி பஸ் கொண்டக்டரோடு போய்த் திரும்பி வந்த கதை ஓடிக்கொண்டிருந்தது. யார் எங்கே பார்த்தார்கள், இப்போது எத்தனை மாதம் என்றெல்லாம். அக்கா பாதி நிறைந்த தன் வாளியைப் பீலியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"அவ இப்ப அவங்கம்மா வீட்டுலதான் இருக்கா. வாங்க, எல்லாருமா போயி கேப்போம். நீ கேளு, எத்தன மாசம்னு. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. நிஜமாகவே மூன்றாம் லயத்தை நோக்கி நடந்தார். இருபதடி போய்த் திரும்பிப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. "அப்ப விடுங்க. வேற பேசுவோம்" என்று வந்து, இடம் போய்விட்டதால், வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். இரண்டாம் டிவிஷனில் கொழுந்து பறிப்பார். மலையின் அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் இந்தப் பக்கம் கேட்கும் குரல். கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. மாதம் ஒருமுறை வருவார். ஒரே மகள். பதினோராம் வகுப்பில் என்னிடம் படித்தாள்.

எனக்கு அக்காமேல் கோபம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். பின்னால் நான் செய்த காரியத்தில் அந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு.

நானும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள்தான். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தார். நான் படித்து, டீச்சராகி, அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் படிப்பிக்க வந்தேன். வந்ததும் டவுன் பக்கம் வாடகைக்கு வீடெடுத்துக்கொண்டேன். தோட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவார்கள். பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு கூட்டத்தில்தான் அந்த அக்கா எழுந்து நின்றார்.

"டீச்சர், எம்மக கணக்குல பதினெட்டு மார்க்கு. அவ மண்டு இல்ல. போன தவணையில கணக்குப் பாடம் எத்தன நாள் நடந்துச்சுன்னு புள்ளைங்கள கேட்டேன். அவங்க சொன்னத வச்சு வெளிய பேசக் கூடாதில்ல, நீங்க இருக்கும்போதே கேக்குறேன். எத்தன நாள் வந்தீங்க?"

அதிபர் தொண்டையைச் செருமினார். செமினார் இருந்தது, அம்மாவுக்குச் சுகமில்லை என்று நான் ஏதேதோ சொன்னேன். பாதி உண்மை. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க டீச்சர். இனி வருவீங்கதானே?"

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் ஒழுங்காகப் பாடத்துக்குப் போனேன். ஆனால் அது அவர் கேட்டதால்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. வழியில் கண்டால் அவர் சிரிப்பார். நான் போனைப் பார்ப்பேன்.

இனி அந்தப் பத்தொன்பது விநாடி.

மழை விட்டிருந்த ஒரு காலை. இரண்டாம் டிவிஷனில் பறித்துக்கொண்டிருந்த பெண்கள்மேல் குளவி கிளம்பியது. எல்லோரும் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடினார்கள். செல்வி என்ற பெண் சரிவில் விழுந்துவிட்டாள். கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள். தலையிலும் கழுத்திலும் எத்தனை கொட்டு என்று எண்ண முடியவில்லையாம். அக்காவும் இன்னும் இருவரும் அவளைத் தூக்கிக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்தார்கள். அங்கே கொழுந்து லொறி நின்றது. செல்வியின் உதடு வீங்கி, மூச்சு விசில்போல வர ஆரம்பித்திருந்தது.

பீல்ட் ஆபீசர் லொறியை விட மறுத்தார்.

"ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கேன். லொறிக்கு இன்னும் ரெண்டு மலைக் கொழுந்து ஏத்தணும். ஃபேக்டரியில என்னயத்தான் கேப்பாங்க."

ஆட்டோ டவுனிலிருந்து மேலே வர முக்கால் மணி நேரம் ஆகும். அது அவருக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அக்கா முதலில் கும்பிட்டாராம். பிறகு கத்தினார். பிறகு தமிழிலும் சிங்களத்திலும் இருந்த எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் எடுத்து அந்த மனிதரின் முகத்துக்கு நேரே வீசினார். முந்தானை விழுந்து, தலைமுடி அவிழ்ந்து, லொறியில் ஏறிக் கொழுந்துச் சாக்கை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே எறிந்தார். கடைசியில் லொறி டிரைவர், அவர் ஒரு சிங்களவர், பீல்ட் ஆபீசரைப் பார்க்காமலே "ஹரி அக்கே, நகின்ன" என்று ஏறச் சொல்லி வண்டியை எடுத்தார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். செல்வி பிழைத்தாள்.

இதில் எதுவும் எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் பார்த்தது பத்தொன்பது விநாடி மட்டும்.

சந்தியில் போன் ரீலோட் கடை வைத்திருந்த ஒருவர், எங்கள் தோட்டத்துக்கென்று முகநூலில் ஒரு பக்கம் நடத்திக்கொண்டிருந்தார். சாவு அறிவித்தல், திருவிழாப் படம், பரீட்சை முடிவு எல்லாம் அதில்தான் வரும். வேலைக்காக வெளியூர் போனவர்கள் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். அன்று மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கமாக வந்தவர், சத்தம் கேட்டு நிறுத்தியிருக்கிறார். மடுவத்தின் உள்ளே செல்வி கிடந்தாள். அவர் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. என்ன சங்கதி என்று யாரையும் கேட்கவில்லை. போனை எடுத்தார். லொறியின்மேல் தலைவிரித்து நின்று கத்துகிற பெண் மட்டும் தெரிகிறமாதிரி எடுத்தார். அதையும் வெட்டிப் பத்தொன்பது விநாடியாக்கி, மேலே ஒரு வரி எழுதினார்: "காலையிலேயே ஏத்தியாச்சு போல!"

வாழ்க்கையில் ஒரு சொட்டுச் சாராயம் வாயில் படாத பெண்பிள்ளையைப் பற்றி!

பின்னேரத்துக்குள் அது எங்கள் ஊரைத் தாண்டிவிட்டது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை எழுதி அந்தக் கேவலத்துக்கு இன்னும் மரியாதை சேர்க்க எனக்கு விருப்பமில்லை. கீழே வந்தவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கள்ளச் சாராயத்தை வைத்து ஒன்று: "கசிப்பு என்ன பிராண்ட் அக்கா?" "இதுகளின் பிள்ளைகள் எப்படி உருப்படும்?" என்னோடு உயர்தரம் படித்து, இரத்தினபுரியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் நல்ல தமிழில் எழுதியிருந்தார்: "இப்படிப்பட்டவர்களால்தான் வெளியிடங்களில் நமக்கு மரியாதை இல்லை."

நான் பஸ்ஸில் இருந்தேன். அந்தக் காணொளி போனில் வந்தது. ஆளைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. கூட்டத்தில் என்னை எழுந்து நின்று கேட்ட அதே வாய். நிவித்திகலைச் சந்திக்கு பஸ் வருவதற்கு முன்பே அதை என் பக்கத்தில் பகிர்ந்துவிட்டேன். "நம் சமூகம் எப்போதுதான் திருந்துமோ?" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகமும் வைத்தேன். நான் டீச்சர். நான் எழுதினால் நாலு பேர் மதித்துப் பார்ப்பார்கள். பார்த்தார்கள். என் பழைய மாணவர்கள் பலர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டார்கள்.

மூன்றாம் நாள் அக்காவைத் தோட்டத்து ஒபிஸுக்குக் கூப்பிட்டார்கள். உத்தியோகத்தரைத் தகாத வார்த்தையால் ஏசியது, கொழுந்தைச் சேதப்படுத்தியது என்று விசாரணை. சாட்சி என்ன? அந்தக் காணொளிதான். தோட்டத்து மேனேஜர் துரை தன் போனிலேயே அதைப் போட்டுக் காட்டினார். குடித்திருந்தாயா என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

"தொரை, இதுல செல்வி எங்க?"

துரைக்குப் புரியவில்லை. மறுபடி போட்டுப் பார்த்தார். செல்வி அதில் இல்லையே. மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால் முடிந்துவிடும் என்று தொழிற்சங்கத் தலைவரும் சொன்னார். வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று மற்றவர்களும் சொன்னார்கள். அக்கா மறுத்தார்.

"ஏசினது உண்ம. அதுக்கு வேணும்னா அவரு மூஞ்சியப் பாத்து மன்னிப்புக் கேக்குறேன். லொறி குடுக்காததுக்கு அவரு செல்வி மூஞ்சியப் பாத்துக் கேக்கட்டும்."

இரண்டு கிழமை வேலையை நிறுத்தினார்கள். அது முடிவதற்குள் செல்வியே ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, வீக்கம் வடியாத முகத்தோடு, இடுப்பில் குழந்தையோடு ஒபிஸ் வாசலில் நின்றாள். "என்னயப் பாருங்க தொரை. படத்துல இல்லாதவ நான்தான்" என்றாள். மறுநாள் அக்காவுக்கு மறுபடி வேலைக்குப் பெயர் போட்டார்கள். ஆனால் பீல்ட் ஆபீசரை ஒபிஸில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

வேலை திரும்பக் கிடைத்தது. மகளின் பள்ளிக்கூடம் போனது. வகுப்பில் அவள் உள்ளே வரும்போதெல்லாம் யாராவது பின்னாலிருந்து அவள் அம்மாவின் குரலில் கத்துவார்களாம். இடைவேளையில் ஒருத்தி முடியை அவிழ்த்துவிட்டு மேசைமேல் ஏறி நடித்துக் காட்டினாளாம். அவள் வருவதை நிறுத்திவிட்டாள். சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. நான் தினமும் வரவுப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே ஒரு வட்டம் போட்டேன். பதின்மூன்று வட்டம். ஏன் வரவில்லை என்று யாரையும் கேட்கவில்லை.

அந்த நாட்களில்தான் அக்கா மகளை உட்காரவைத்து, எழுதியிருந்த எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னாராம். மகள் மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். "அவங்களுக்கு எழுத வெக்கமில்ல, ஒனக்கு வாசிக்க என்னாடி வெக்கம்? வாசி" என்று, ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். பிறகு ஒரு கொப்பியில், பஸ் போகிற தூரத்தில் இருப்பவர்களின் பெயரை மட்டும் எழுதச் சொன்னார். பெயர், ஊர், எழுதியது என்ன என்று மூன்று நிரல். நான் பிறகு அந்தக் கொப்பியைப் பார்த்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தாள். பதினான்கு பேர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா புறப்பட்டார். நல்ல சேலை கட்டி, தலை வாரி, மகளையும் கூட்டிக்கொண்டு.

முதலில் சந்திக் கடை. முகநூல் பக்கம் நடத்திய அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வரவேற்றாராம்.

"அக்கா, நீங்க இப்ப ஃபேமஸ் தெரியுமா? கொழும்புலருந்துகூட கேக்குறாங்க. நீங்க சரின்னா நாம ரெண்டு பேரும் இன்னும் நாலு வீடியோ செய்யலாம்."

"அன்னைக்கு செல்வி கெடந்தத ஏன் போடல?"

"அது எனக்குத் தெரியாதே. நான் வந்தப்ப நீங்க கத்திக்கிட்டு இருந்தீங்க."

"ஏன் கத்துறேன்னு கேட்டிருக்கலாமே. ஒங்களுக்கும் வாய் இருந்துச்சில்ல. நான் குடிச்சிருந்தேன்னு எழுதியிருக்கீங்க. இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, குடிச்சிருந்தேனா?"

அவர் போனை எடுத்து அழித்துவிட்டுக் காட்டினார். "அழிச்சிட்டேன். மத்தவங்க போட்டதுக்கு நான் ஒண்ணும் செய்ய ஏலாது. இனி என் கையில இல்ல."

என் கையில் இல்லை! எடுத்தது அவர் கை. வெட்டியது அவர் கை. எழுதியது அவர் கை. ஊர் முழுக்க நெருப்புப் பிடித்த பிறகு, தீக்குச்சியை மட்டும் ஊதி அணைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிற இந்த ஒரு பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது.

டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியும் பட்டியலில் இருந்தார். "பிள்ளைகள் எப்படி உருப்படும்" என்று எழுதியவர் அவர்தான். இவர்கள் துணி எடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஸ்டூல் போட்டாராம். அக்கா உட்காரவில்லை. மகளை முன்னால் நிறுத்தினார்.

"மொதலாளி, இதுதான் அந்தப் புள்ள. உருப்படாதுன்னு எழுதினீங்களே. இவகிட்டயே சொல்லுங்க."

அந்த மனிதர் பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கல்லாவை விட்டு இறங்கி வந்தார். "தங்கச்சி, எனக்கும் மூணு பொம்புளப் புள்ளைகள். சும்மா பாத்தேன், சும்மா எழுதினேன். அல்லாவுக்காக மன்னிச்சிக்கங்க" என்றார். அவர்கள் கடையை விட்டு இறங்குவதற்குள், தான் எழுதியதை எடுத்துவிட்டு, அதே இடத்தில், "நான் விசாரிக்காமல் எழுதிவிட்டேன். அந்தப் பெண் ஓர் உயிரைக் காப்பாற்றவே சத்தம் போட்டிருக்கிறார்" என்று எழுதினார். அந்தப் பதினான்கு பேரில், அந்த இடத்திலேயே தானாக அப்படி எழுதியவர் அவர் ஒருவர்தான்.

வங்கிக்காரர் வீட்டில் இல்லை என்று அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார். வாசலில் அவருடைய செருப்பும் மோட்டார் சைக்கிளும் இருந்தன. "சரிங்கம்மா, வரட்டும்" என்று அக்கா மதில் ஓரத்தில் மகளோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம். கடைசியில் ஜன்னல் வழியாக அந்த ஆள், போகாவிட்டால் பொலிஸுக்குச் சொல்வேன் என்றாராம்.

"கூப்பிடுங்க. பொலிஸ் மாத்தயா முன்னாடியும் சொல்லுங்க, என்னாலதான் ஒங்களுக்கு மரியாத இல்லன்னு. அவரும் கேக்கட்டும்."

ஜன்னலைச் சாத்திவிட்டார். நல்ல தமிழில் எழுதத் தெரிந்த அந்தப் படித்தவருக்கு, ஒரு தொழிலாளிப் பெண்ணின் முன்னால் வந்து நிற்க இரண்டு கால் இருக்கவில்லை. அவரைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்பீர்கள். தகுதி இல்லைதான். ஆனாலும் திட்டுகிறேன்.

ஒன்பதாவது பெயர் நான்.

அன்று பத்து மணிபோல் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன். கேட்டில் இருவரும் நின்றார்கள். மகள் என்னைப் பார்க்கவில்லை; தரையைப் பார்த்தாள். உள்ளே வரச் சொன்னேன். தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்றேன். கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"வேணாங்க டீச்சர். ஒண்ணு கேட்டுட்டுப் போறோம். நம்ம சமூகம் எப்ப திருந்தும்னு எழுதியிருக்கீங்களாம். அந்த நம்மள்ல நான் இருக்கேனா, இல்லையா?"

நான் மறுபடி உள்ளே வரச் சொன்னேன்.

"இருந்தேன்னா என்னானு என்னயக் கேட்டிருக்கலாம். ஒங்க வீட்டுக்கும் எங்க லயத்துக்கும் ஒரு பஸ்தான்."

"அக்கா, நான் முழுசாப் பாக்கல. வந்திச்சு, அப்பிடியே..."

"பாக்காமயா அனுப்பினீங்க?"

நான் துவைத்துக்கொண்டிருந்த வாளியின் பக்கம் பார்த்தேன்.

"சிரிக்கிற மூஞ்சி ஒண்ணும் வச்சிருந்தீங்களாம். இப்ப சிரிங்க டீச்சர். நான் நிக்கிறேன்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற அந்தக் குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவில் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

"கூட்டத்துல நான் கேட்டது ஒங்களுக்குக் கோவம்னு தெரியும். அதனாலதான் செஞ்சீங்களா?"

"ஆமா" என்றேன். அந்த ஒரு சொல்லை மட்டும் அன்று நான் உண்மையாகச் சொன்னேன்.

அக்கா தலையசைத்தார். "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம் டீச்சர். கோவத்த வச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க. எம்மக பதிமூணு நாளா ஸ்கூலுக்கு வரல. அது என்னானு கேக்க நீங்க வருவீங்கன்னு நெனச்சேன்."

அவர்கள் போன பிறகு பகிர்ந்ததை எடுத்தேன். நடந்ததை முழுவதும் எழுதினேன். நான் செய்ததையும் எழுதினேன். அந்தச் சிரிக்கிற முகத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு ஓடியவர்களில் ஒருவர்கூட இதை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. ஏழெட்டுப் பேர் பார்த்தார்கள். ஒரு பழைய மாணவன், "விடுங்க டீச்சர், பழைய கதை" என்று எழுதினான். மூன்று கிழமைதான் ஆகியிருந்தது!

மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் செல்வியின் கதையைச் சொன்னேன். மேசைமேல் ஏறி நடித்தவள் அழுதாள். நான் லயத்துக்குப் போய், மகளை வரச் சொல்லிக் கூப்பிட்டேன். வீட்டுக்கே போய்க் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் வேகமாகப் பிடித்துக்கொண்டாள். மண்டு இல்லைதான். பரீட்சை நிலையம் வேறு பள்ளிக்கூடத்தில். முதல் நாள் போனாள். மண்டபத்துக்கு வெளியே, எந்த ஊர் என்று தெரியாத ஒரு பிள்ளை அவள் பெயரைக் கேட்டு, தோட்டத்தைக் கேட்டு, "அந்தக் கசிப்பு அக்கா ஒங்க பக்கமா?" என்று கேட்டிருக்கிறது. யாருடைய மகள் என்று தெரிந்துகூடக் கேட்கவில்லை. அவள் அன்றைய தாளை எழுதி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த நாள் கணக்கு. போகவில்லை. நானும் அக்காவும் வாசலில் நின்று கெஞ்சினோம். கதவைத் திறக்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் சித்தியடைந்தவர்களின் படத்தை, சந்திக் கடைக்காரர் தன் பக்கத்தில் போட்டு வாழ்த்தியிருந்தார்.

அதற்கு அடுத்த திருவிழாவில் இன்னொன்று நடந்தது. பீல்ட் ஆபீசர் குடித்துவிட்டுக் கோயில் வளவில் சாரம் அவிழ விழுந்து கிடந்தார். யாரோ படம் எடுத்தார்கள். சந்திக் கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினார். "ஒங்களுக்கு நியாயம் கெடச்சிருச்சு அக்கா. சொல்லுங்க, இப்பவே போட்டுடுறேன்" என்றாராம். செல்வி பக்கத்தில் இருந்தாள். போடுங்க அண்ணே, போடுங்க என்று அவள் குதித்தாளாம். உண்மையைச் சொன்னால், கேள்விப்பட்டபோது எனக்கும் அதே ஆசைதான்.

அக்கா அந்தப் போனை வாங்கி, படத்தைப் பார்க்காமலே, மகளிடம் கொடுத்து அழிக்கச் சொன்னார். கடைக்காரர் வாயைப் பிளந்து நின்றார். பிறகு அக்கா தனியாகப் பீல்ட் ஆபீசரின் குவாட்டர்ஸுக்குப் போனார். மனைவி கதவைத் திறக்க, அவரும் பின்னால் வந்து நின்றார். இதைச் செல்வி எனக்குச் சொன்னாள். அவள் அக்காவுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய் மாதுளைச் செடிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

"ஐயா, கோயில்ல ஒங்கள யாரோ படம் புடிச்சிருக்காங்க. எங்கிட்ட வந்தத அழிச்சிட்டேன். வேற யாருகிட்டயாவது இருக்கும், பாத்துக்கங்க. ஆனா அன்னைக்கு லொறி குடுக்காதது தப்பு. அதையும் சொல்லிட்டுப் போறேன்."

அந்த மனிதர் உள்ளே திரும்பிவிட்டாராம். மனைவிதான், "உள்ள வாங்க" என்றாராம். அக்கா போகவில்லை.

மகளுக்கு அவிசாவளைப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தனியாக அனுப்ப மனமில்லாமல் அக்காவும் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டு கூடவே போய்விட்டார். போகிற அன்று பஸ்ஸடியில் கண்டேன். என் கையைப் பிடித்து, "பாடத்துக்கு ஒழுங்கா போறீங்கன்னு புள்ளைங்க சொல்றாங்க" என்றார். குத்திச் சொல்லவில்லை. அவருக்குக் குத்திப் பேசத் தெரியாது. நான் அழுதேன். பஸ்ஸுக்குள் மகள், காதில் வயரைச் சொருகிக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அந்தப் பத்தொன்பது விநாடி சாகவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பாட்டுப் போட்டு, புதுப் பெயர் வைத்து யாராவது எழுப்பிவிடுகிறார்கள். போன மாதம் எங்கள் ஆசிரியர் அறையிலேயே வந்தது. கலவானையிலிருந்து புதிதாக வந்த ஓர் இளம் டீச்சர் தேத்தண்ணி நேரத்தில் போனை மேசையில் சாய்த்துவைத்துக் காட்டினார். மூன்று பேர் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். குரலைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன்.

"அத நிப்பாட்டுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நின்றபடியே முழுக் கதையையும் சொன்னேன். செல்வி, லொறி, கொப்பி, கணக்குத் தாள், என் சிரிக்கிற முகம் எல்லாம். இளம் டீச்சரின் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, தெரியாதுங்க டீச்சர். இந்தா அழிச்சிட்டேன், பாருங்க" என்று என் கண் முன்னால் அழித்தார். நான் உட்கார்ந்தேன். யாரோ எனக்குத் தண்ணீர் தந்தார்கள்.

தேத்தண்ணி முடிவதற்குள் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி ஒரு சிரிப்பு வந்தது. சின்னச் சிரிப்பு, எனக்குக் கேட்காமல் அடக்கிய சிரிப்பு. எழுந்து போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு வயதானவர், எந்த ஊரோ, ஒரு பஸ் நிலையத்தில், அழுதுகொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கீழே ஒரு பாட்டு ஓடியது.

"யாரு இவரு?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க டீச்சர்" என்றார் அந்த இளம் டீச்சர். "சும்மா வந்திச்சு."